வசந்தாமணி கேட்ட பனி

அந்த ஜனவரியில் வசந்தாமணிக்கு வெயிலைக் கண்டாலே ஆகவில்லை. காலையில் சமையலறைத் திரையை விலக்கினால் எதிர்வீட்டுக் கூரைமேல் பளிச்சென்று அடித்துக்கொண்டிருக்கும். குளிர் என்னவோ காதைக் கடிக்கும், ஆனால் வானத்தில் பேருக்கு ஒரு மேகம் இருக்காது. "வந்துட்டான், பல்லைக் காட்டிக்கிட்டு" என்று சூரியனை ஒரு வசை வைதுவிட்டுத்தான் காப்பிக்குப் பால் வைப்பாள்.

அவளுக்குப் பனி வேண்டியிருந்தது. புகைப்படம் எடுக்க அல்ல, பள்ளிக்கூடத்தை மூடுவதற்கு. அமெரிக்காவில், வெஸ்ட் வின்ட்சரில் ஒரு தொடக்கப் பள்ளியில் மதியச் சாப்பாட்டு நேரத்திலும் விளையாட்டு நேரத்திலும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. பத்து அங்குலம் பனி கொட்டினால் விடிகாலை ஐந்து மணிக்குப் பள்ளியிலிருந்து தானாக ஒரு போன் வரும்: இன்று விடுமுறை. வேலையில்லை. மகள் ரோஷினியை எங்கேயும் காரில் கொண்டுபோய் விடவேண்டாம். புருஷன் கந்தசாமியை ரயிலடியில் இறக்கிவிட வேண்டாம். முழுசாக ஒரு நாள். அந்த ஒரு நாள் கிடைத்தால் பதினேழாம் அத்தியாயத்தை எழுதி முடித்துவிடலாம் என்று நம்பினாள்.

வசந்தாமணிக்கு நாற்பத்தெட்டு வயது. காங்கேயத்துப் பெண். கந்தசாமியைக் கட்டிக்கொண்டு அமெரிக்கா வந்து இருபத்து மூன்று வருஷம் ஆகிறது. அவன் ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறான். வாரத்தில் மூன்று நாள் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலேறிப் போவான், இரண்டு நாள் வீட்டுச் சாப்பாட்டு மேசையையே ஆபீஸாக்கிக்கொள்வான். ஒரே மகள் ரோஷினி பத்தாவது படிக்கிறாள். இதற்கு நடுவில் வசந்தாமணி தமிழ்ச் சங்க மலரில் மூன்று சிறுகதை எழுதியிருந்தாள். அவற்றைப் படித்துவிட்டுக் கோயமுத்தூரிலிருந்து வரும் ஓர் இணைய வார இதழின் ஆசிரியர் திருமூர்த்தி, "நாவல் இருக்குதுங்களாக்கா? தொடராப் போடலாம்" என்று கேட்டார். கையில் ஆறு அத்தியாயம்தான் இருந்தது. முப்பது இருப்பதாகச் சொல்லிவிட்டாள்.

அந்தப் பொய்க்குத்தான் இப்போது அனுபவித்துக்கொண்டிருந்தாள். ஆறு அத்தியாயமும் நவம்பர் நடுவோடு தீர்ந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு புதன்கிழமையும் ஓர் அத்தியாயம் அனுப்பியாக வேண்டும். புதன் வந்ததும் அனுப்புவாள், வியாழன் காலை எழுந்ததும் அடுத்த புதன் கண்ணில் நிற்கும். திருமூர்த்தியின் குரல்செய்திகள் வரவர மரியாதை குறைந்துகொண்டே வந்தன. "அக்கா, இந்த வாரமும் லேட்டுன்னா 'தவிர்க்க இயலாத காரணங்களால்'னு போட்ருவனுங்க. ரெண்டு வாட்டி அப்படிப் போட்டா வாசகன் மறந்துருவான். அப்பறம் எங்கிட்டச் சண்டைக்கு வரக்கூடாது."

நேரம்தான் இல்லை என்று சொல்லவும் முடியாது. சில காலைகளில் இரண்டு மணி நேரம் சுளையாகக் கிடைக்கத்தான் செய்தது. உட்கார்ந்தால் எழுத்து வரவில்லை. பதினேழாம் அத்தியாயத்தை ஐந்து விதமாக எழுதி ஐந்தையும் அழித்தாள்.

கதை இதுதான். ஒரு பெண் வெளியூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவளுடைய அப்பா இறந்துபோகிறார். அந்தச் செய்தியை அவளுக்குச் சேர விடாமல் நாத்தனார் பாக்கியம் மறைத்துவிடுகிறாள். எல்லாம் முடிந்த பிறகுதான் சொல்கிறாள். அதிலிருந்து இரண்டு பெண்களும் ஒரே குடும்பத்தில் வருஷக்கணக்காகப் பேசாமல் இருக்கிறார்கள். பாக்கியத்தை வாசகர்கள் வாராவாரம் கரித்துக் கொட்டினார்கள். "இவளை என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டு எழுதினார்கள். பதினேழில் பாக்கியத்துக்குத் தண்டனை. எந்தத் தண்டனையை எழுதினாலும் வசந்தாமணிக்குப் போதவில்லை.

ஏனென்றால் அது கதையே இல்லை.

ரோஷினி வயிற்றில் எட்டு மாதமாக இருந்தபோது அவர்கள் ஜெர்சி சிட்டியில், ஜர்னல் ஸ்கொயர் பக்கம் ஒரு நாலாவது மாடி அபார்ட்மென்டில் இருந்தார்கள். அந்தப் பிப்ரவரியில் இரண்டு நாள் விடாமல் பனி கொட்டியது. ரயில் நின்றது, ஆபீஸ் மூடியது. கந்தசாமி அந்த இரண்டு நாளும் அவளை எழுந்திருக்கவே விடவில்லை. தக்காளி சாதம் கிளறிக் கொண்டுவந்து கொடுத்தான். வீங்கிய பாதங்களை மடியில் வைத்து அமுக்கிவிட்டான். போன் லைன் செத்துவிட்டது என்றான். ஜன்னலுக்கு வெளியே கார்கள் ஒவ்வொன்றாக வெள்ளைக்குள் மறைவதைப் பார்த்துக்கொண்டே, அவன் ஆபீஸ் காகிதங்களின் பின்பக்கத்தில் அவள் வாழ்க்கையில் முதல் கதையை எழுதினாள். கல்யாணமான பிறகு அவள் அறிந்த ஆக நல்ல இரண்டு நாள் அவை.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. கந்தசாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "உங்கப்பா போய் ரெண்டு நாளாச்சு, மணி. செல்வி இப்பத்தான் போன் பண்றா" என்றான்.

தாமரைச்செல்வி, கந்தசாமியின் தங்கை. திருப்பூரில் வசந்தாமணியின் அப்பா கடைசிக் காலத்தில் மகனோடு இருந்த வீட்டுக்கு அடுத்த தெருக்காரி. பிறகு அண்ணன் மாரிசாமியைக் கேட்டபோது, "டாக்டர் சர்டிபிகேட்டுக்கும் சுடுகாட்டுக்கும் அலையறதுக்கே சரியாப் போச்சு. செல்விதான் நான் சொல்லிக்கறேன்னு சொன்னா" என்றான். அது போதும். செல்வி சொல்லிக்கொள்கிறேன் என்று ஏற்றுக்கொண்டு சொல்லாமல் விட்டாள். வசந்தாமணி அதற்குப் பிறகு அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஊருக்குப் போனாலும் அந்தத் தெருவை மிதிக்கவில்லை. பதினாறு வருஷம் கழித்துப் பாக்கியத்தை எழுதினாள். செல்வியின் வலது மணிக்கட்டில் ஒரு வெண்புள்ளி உண்டு. பாக்கியத்துக்கும் அதே இடத்தில் வைத்தாள்.

ஒன்பதாம் அத்தியாயம் வந்த அன்று கந்தசாமி ரயிலிலிருந்து இறங்கி, காரில் ஏறியதும் ஏறாததுமாக ஆரம்பித்தான். "செல்வி அழறா. அவ கையில இருக்கற வெள்ளை வரைக்கும் எழுதியிருக்கறயாமே?"

"அது கதைங்க."

"கதையா? ஊருக்கே தெரியுது யாருன்னு. நிறுத்திரு."

"அவ வாயைத் திறக்காம இருந்தப்ப யாரும் அவளைக் கேக்கலீங்களே. நான் திறந்தா மட்டும் நிறுத்தோணுமா?"

வீட்டுக்குள் அன்றைக்கு ஆரம்பித்தது சண்டை. கந்தசாமி கத்துகிற ஆள் இல்லை. வேறு வழி வைத்திருந்தான். அவள் எழுத உட்காரும் நேரம் பார்த்து மீட்டிங்கை ஸ்பீக்கரில் போடுவான். சனி, ஞாயிறு தவறாமல் யாரையாவது சாப்பிடக் கூப்பிடுவான். வசந்தாமணியும் சும்மா இல்லை. அவன் டப்பாவில் உப்பில்லாத பொரியலை வைத்து அனுப்பினாள். அவன் சட்டைகளை மட்டும் துவைக்கும் இயந்திரத்திலேயே ஈரத்தோடு விட்டாள். ரோஷினி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "யூ கைஸ் ஆர் சோ வியர்ட்" என்று காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள்.

பனி மட்டும் வரவில்லை. இரண்டு தடவை வருகிறது என்று டிவியில் ஊதினார்கள். ஊரே போய்ப் பாலையும் ரொட்டியையும் அள்ளிக்கொண்டு வந்தது. பனி உறையாமலிருக்கச் சாலையெல்லாம் உப்பைக் கொட்டினார்கள். ஒரு தடவை மழையாகப் பெய்து முடிந்தது, இன்னொரு தடவை கடலோடு போய்விட்டது. பள்ளியில் முதல் வகுப்புப் பிள்ளைகள் அவளுக்கு ஓர் உபாயம் சொல்லிக்கொடுத்தார்கள். ராத்திரி உடுப்பை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டிப் போட்டுக்கொண்டு படுத்தால் காலையில் பனி வந்திருக்குமாம். கல்லூரியில் எம்.காம். படித்த வசந்தாமணி நைட்டியைப் புரட்டிப் போட்டுக்கொண்டு படுத்தாள். தையல் கழுத்தை அறுத்தது. காலையில் வெயில் அடித்தது. அந்த நைட்டியைத் தரைதுடைக்கப் போட்டாள்.

ஜனவரி கடைசிச் செவ்வாய்க்கிழமை, யாரும் பெரிதாகச் சொல்லாதபோது, பனி வந்தது. விடிகாலையில் போன் அடித்தது: பள்ளி விடுமுறை. வசந்தாமணி ஜன்னலைத் திறந்து பார்த்தாள். தெரு இல்லை, நடைபாதை இல்லை, தபால்பெட்டியின் தலை மட்டும் தெரிந்தது. பதினான்கு அங்குலம். இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. "வாடி என் ராசாத்தி" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

ஆனால் பனி எல்லோரையும்தான் வீட்டில் பிடித்து வைக்கும் என்பதை அவள் கணக்கில் எடுக்கவில்லை. ஏழரை மணிக்கே கந்தசாமி சாப்பாட்டு மேசையில் இரண்டு திரைகளை விரித்து உட்கார்ந்துவிட்டான். ரோஷினி எழுந்து வந்து தோசை கேட்டாள். தோசையை ஊற்றிக் கொடுத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தால் கந்தசாமி சத்தமாக யாருக்கோ கணினிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தான். மாடிக்குப் போனால் ரோஷினி நாலு தோழிகளோடு வீடியோவில் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே இறங்கியபோது கந்தசாமி மைக்கை அணைத்துவிட்டுச் சொன்னான், "எதிர்வீட்டுத் தீபக்குக்கு ஹீட்டர் போயிருச்சாம். மத்தியானம் நாலு பேரும் இங்க சாப்பிட வரச் சொல்லியிருக்கறேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"குளிர்ல கிடக்கறாங்க மணி. உன் கதையை விட அது முக்கியமில்லையா?"

அவள் குளிர்கோட்டை மாட்டிக்கொண்டு, லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, முழங்கால் வரை புதையப் புதைய நடந்து வாசலில் நின்ற காருக்குப் போனாள். கதவைப் பெயர்த்துத் திறந்து உள்ளே உட்கார்ந்து, வெதுவெதுப்புக்கு என்ஜினைப் போட்டாள். நாலு பக்கக் கண்ணாடியும் பனியால் மூடியிருந்தது. மங்கிய வெளிச்சம், சத்தமே இல்லை. இப்படி ஒரு இடத்துக்குத்தான் ஏங்கிக்கொண்டிருந்தாள். விரல் தானாக ஓடியது. பாக்கியத்தின் மகள் கல்யாணம் மண்டபத்தோடு நிற்கிறது. மாப்பிள்ளை வீட்டார் என்று ஒருத்தரும் வரவில்லை. பாக்கியம் வாசலில் பன்னீர்ச் சொம்போடு நிற்கிறாள். வசந்தாமணிக்கு உடம்பெல்லாம் சூடேறியது. இரண்டு பக்கம் எழுதிவிட்டாள்.

போன் அடித்தது. தெரியாத இந்திய எண்.

"அண்ணி, நான் செல்வி."

வசந்தாமணி போனைக் காதிலிருந்து எடுத்தாள். வைக்கவில்லை.

"வெச்சறாதீங்க. ரெண்டே நிமிசம். அண்ணன்கிட்ட ரெண்டு மாசமாச் சொல்லிட்டிருக்கறேன், நீயாச் சொல்லிரு, இல்லீன்னா நான் சொல்லிருவேன்னு. இன்னைக்கு என் சம்பந்தியம்மா என்ற கையைப் பாத்துட்டு, அந்தக் கதையில வர்றது நீங்கதானாமேன்னு எல்லாத்துக்கு முன்னாலயும் கேக்கறா. இதுக்கு மேல என்னால முடியாது."

"என்ன சொல்லோணும்? சொல்ல வேண்டியப்பச் சொல்லாதவ நீ."

"சொன்னேன்." செல்வியின் குரல் கெட்டியானது. "உங்கப்பா மூச்சு நின்ன அரைமணி நேரத்துல அமெரிக்காவுக்குப் போன் பண்ணிட்டேன். அண்ணந்தான் எடுத்துச்சு. எட்டு மாசம், வெளிய பனி கொட்டுது, ப்ளைட் இல்ல, இப்பச் சொன்னாத் தாங்க மாட்டான்னுச்சு. அப்பறம் சனிக்கிழமை கூப்பிட்டு, நீ இன்னைக்குத்தான் சொன்னேன்னு சொல்லிட்டேன், அப்படியே இருக்கட்டும்னுச்சு. கொழந்தை பொறந்ததும் சொல்லிருவேன்னுச்சு. உங்க பொண்ணுக்கு இப்பப் பதினாறு ஆகப்போகுது."

வெளியே காருக்குப் பின்னால் பனிவாரியின் சத்தம் கேட்டது. கரக், கரக் என்று யாரோ வேகவேகமாகத் தோண்டினார்கள். பிறகு பக்கத்துக் கண்ணாடியில் படபடவென்று தட்டினார்கள். பனி சரிந்து விழுந்த இடத்தில் கந்தசாமியின் முகம் தெரிந்தது. தொப்பிகூட இல்லாமல், வீட்டுச் சட்டையோடு மூச்சுவாங்க நின்றான்.

கண்ணாடியை இறக்கினாள். பனி கொத்தாக லேப்டாப்பின் மேல் விழுந்தது.

"முதல்ல என்ஜினை ஆஃப் பண்ணு! புகைக்குழாய் பனிக்குள்ள பொதைஞ்சு கிடக்குது. அத்தனை புகையும் உள்ள வரும், அப்படியே தூங்கிருவ. சாகறதுக்கா வந்து உக்காந்திருக்கற?"

அவள் என்ஜினை அணைத்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டு டாஷ்போர்டின் மேல் வைத்தாள். "செல்வி பேசறா" என்றாள். "நீ சொல்லு."

இருபத்து மூன்று வருஷத்தில் அவனை அவள் 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. கந்தசாமி போனைப் பார்த்தான்.

"அண்ணா, பேசு" என்றது போன்.

"உனக்கு பி.பி. ஏறிக் கிடந்துது" என்றான். "டாக்டர் அசையக் கூடாதுன்னு சொல்லியிருந்தா. ஏர்போர்ட்டே மூடியிருந்துது. நான் என்னதான் பண்ணியிருக்கோணும்?"

"ரெண்டு நாள் மறைச்சதைக் கேக்கல. சனிக்கிழமை எதுக்குச் செல்வி பேரைச் சொன்ன?"

பனி அவன் தலையில் விழுந்துகொண்டிருந்தது. "அப்ப வாயில அப்படி வந்துருச்சு" என்றான்.

"அதுக்கப்பறம்?"

"நீ எம்மேல கோவிக்கல. அவமேலதான் கோவிச்ச. அப்படியே விட்டுட்டேன்."

இதுதான் காரணம். பெரிய சதி ஒன்றும் இல்லை. வாயில் வந்த ஒரு பேர், அதைத் திருத்தினால் வலிக்கும் என்று பதினாறு வருஷம் தள்ளிப்போட்ட ஒரு மனிதன். வசந்தாமணிக்கு அதைவிட ஆத்திரமாக வந்தது வேறொன்று. அந்த இரண்டு நாளும் அவன் பாதம் அமுக்கியது, தக்காளி சாதம் கிளறியது, போன் லைன் செத்துவிட்டது என்று சொன்னது எல்லாம் அப்பா செத்தது தெரிந்தே. அவளுக்கு மட்டும் சொந்தம் என்று வைத்திருந்த ஒரே ஒரு சந்தோஷத்துக்குள்ளும் அவன் கையை விட்டிருந்தான். கண்ணாடியை ஏற்றினாள். அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

மத்தியானம் தீபக் குடும்பம் வந்தது. வசந்தாமணி ரசம் வைத்தாள், அப்பளம் பொரித்தாள், நாலு பேருக்கும் பரிமாறினாள். தீபக்கின் மனைவி, "பனி எவ்வளவு அழகு, இல்லீங்களா ஆன்ட்டி!" என்றாள். வசந்தாமணி அவள் தட்டில் இன்னொரு கரண்டி சாதத்தைப் போட்டாள். கந்தசாமி தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டான்.

அந்த வாரம் அத்தியாயம் போகவில்லை. மண்டபம், பன்னீர்ச் சொம்பு எல்லாவற்றையும் அழித்துவிட்டாள். 'தவிர்க்க இயலாத காரணங்களால்' என்று திருமூர்த்தி போட்டார். வெளிநாட்டில் உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்குப் பொழுதுபோக்கு, நமக்குத்தான் காத்திருப்பு என்று ஒரு வாசகர் கீழே எழுதினார். அதற்கு நாற்பது பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள்.

அடுத்த புதன் அவள் அனுப்பிய பதினேழாம் அத்தியாயத்தில் பாக்கியம் போன் செய்கிறாள், நாயகியின் புருஷன் எடுக்கிறான். அதுவரை கதையில் அவன் நல்லவனாக, ஒரு ஓரமாக வந்துகொண்டிருந்தான்.

திருமூர்த்தி உடனே அழைத்தார். "என்னங்க்கா இது? பதினாறு வாரமா அந்தப் பொம்பளையைத் திட்ட வெச்சுட்டு இப்ப அவ நல்லவங்கறீங்க. படிக்கறவன் என்னை அடிக்க வருவான்."

"நான் பதினாறு வருசம் திட்டியிருக்கறனுங்க. அவங்க வாரக்கணக்குல தானே? போடுங்க."

போட்டார். திட்டு வந்தது. ஆசிரியைக்குக் கதை கையைவிட்டுப் போய்விட்டது என்று எழுதினார்கள். கந்தசாமி ரயிலிலேயே படித்துவிட்டு வந்து, "என் மானத்தை வாங்கிட்டே" என்றான்.

"உங்க தங்கச்சி மானம் போனப்ப நான் கதைன்னேன், நீங்க இல்லைன்னீங்க. இப்பவும் சொல்றனுங்க, கதைதான்."

'ங்க' திரும்பி வந்துவிட்டதைக் கந்தசாமி கவனித்தான். 'நீ' என்று கேட்டதைவிட அது அவனுக்குக் கசந்தது. அன்றிலிருந்து கீழறையில் படுக்கத் தொடங்கினான். அவள் காலையில் அவனை ரயிலடியில் விட்டாள், மாலையில் கூட்டிவந்தாள். இருவருக்கும் நடுவில் வண்டியில் வானொலி மட்டும் பேசியது. முப்பது என்று சொன்ன நாவலை இருபத்து நாலில் முடித்தாள். திருமூர்த்தி நன்றி சொல்லி இரண்டு வரி அனுப்பினார், அடுத்த நாவலைப் பற்றிக் கேட்கவில்லை.

ஜூலையில் ரோஷினியை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போனாள். கந்தசாமி லீவு கிடைக்கவில்லை என்றான். திருப்பூரில் அண்ணன் வீட்டில் இறங்கிய மறுநாள் தனியாகப் பக்கத்துத் தெருவுக்கு நடந்தாள். செல்வி கதவைத் திறந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. மணிக்கட்டை மூடும் முழுக்கை ரவிக்கை போட்டிருந்தாள், அந்த வெயிலில்.

"வாங்க" என்றாள். சிரிக்கவில்லை. உள்ளே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

"மன்னிப்புக் கேக்கறதுக்கு வந்தேன் செல்வி."

"கேளுங்க. குடுக்கறதா இல்லையான்னு எனக்கு இன்னும் தெரியல. ஆறேழு மாசமா நான் கோயிலுக்கே போகல அண்ணி. எங்க அண்ணன் பொய் சொன்னான், சரி. நீங்க ஒரு போன் பண்ணி, ஏண்டி இப்படிப் பண்ணினேன்னு என்னை ஒரே ஒருக்கா வைதிருக்கலாம். அப்பவே தெரிஞ்சிருக்கும்."

சுவர்க் கடிகாரம் நாலரை காட்டியது. எழுந்து போய்விடலாமா என்று வசந்தாமணி நினைத்தாள். போகவில்லை. பதினாறு வருஷமாகக் கேட்க ஆளில்லாமல் வைத்திருந்த கேள்வியைக் கேட்டாள்.

"அன்னைக்குக் காலையில அப்பா எப்படி இருந்தாரு? நீ பக்கத்துல இருந்தயாமே."

செல்வி அவளை ஒருமுறை பார்த்தாள். பிறகு எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சவரம் பண்ணிட்டிருந்தாரு" என்றாள். "நான் இட்லி கொண்டுபோயிருந்தேன். பாதி மொகம் சோப்போட திரும்பி, சட்டினியில காரம் ஜாஸ்தியான்னு கேட்டாரு. இல்லீங் மாமான்னேன். வெச்சுட்டுப் போ, வந்தர்றேன்னாரு. கண்ணாடிக்குத் திரும்பினாரு, அப்படியே சுவத்துல சாஞ்சுட்டாரு. மிச்சப் பாதியை நாந்தான் சவரம் பண்ணி விட்டேன். ஆம்பளைங்க வர்ற வரைக்கும் அப்படியே விட மனசு வரல."

வசந்தாமணி அழவில்லை. "எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

"இடது பக்கம்" என்றாள் செல்வி. "காப்பி போடறேன், இருங்க." எழுந்து உள்ளே போனாள்.